ரெண்டு செவ்வாய்க்கிழமைப் பெட்டி

வேல்விழி: சொன்னாக் கேளுங்க மாமா. அந்தப் பெட்டியப் பிரிக்காதீக. அப்படியே திருப்பி அனுப்பிருங்க.

முனியராஜ்: எங்கிட்டு அனுப்ப? அனுப்புனவன் பேரே இல்ல. ‘அதிர்ஷ்டப் பெட்டி’ன்னு மட்டுந்தான் போட்டிருக்கு.

வேல்விழி: பேரே இல்லாதவனுக்கு ஆயிரம் ரூவா அனுப்புனீகளாக்கும்?

முனியராஜ்: வீடியோவுல ஒருத்தன் பிரிச்சான் புள்ள... உள்ள புதுப் போனு! அழுதேபுட்டான்.

வேல்விழி: அழுததுக்குக் கூலி வாங்கிருப்பான்.

முனியராஜ்: திங்கக்கெழம நம்ம மக ரோஜா காலேஜுக்குப் போறா. போன் வந்துரும்னு வாக்குக் குடுத்துட்டேன். அவ ஊரு பூராச் சொல்லிட்டா. அந்தக் கத்திய எடு... இரு, இரும்பு வேணாம். பித்தளைக் கரண்டி கொண்டா.

வேல்விழி: இது என்ன உங்க விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியா, இரும்பு ஒரசுனாப் பத்திக்கிட?

முனியராஜ்: உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுல்ல? பழக்கம் அப்படி. செருப்பக் கழட்டிட்டு வா.

வேல்விழி: மண்ணு வாளியும் கொண்டாரவா?

முனியராஜ்: கொண்டா.

வேல்விழி: ஆளப் பாரு!

முனியராஜ்: தெறந்துட்டேன்... காயிதம்... காயிதம்... இன்னும் காயிதம்...

வேல்விழி: அடியில இயர்போன் கெடக்கும். ஒரு காதுதான் கேக்கும்.

முனியராஜ்: ஆமா, கெடக்கு... ஏ புள்ள, உனக்கெப்படித் தெரியும்?

வேல்விழி: சும்மா... ஒரு குத்துமதிப்பா...

முனியராஜ்: இரு, இரு. இது காலண்டர் தாளு. ஒரே வாரத்துல ரெண்டு செவ்வாக்கெழம! தப்பா அச்சடிச்சதுன்னு நீ வேல பாக்குற திருத்தங்கல் பிரஸ்ல கழிச்சதுதான இது? நம்ம அலமாரியில விரிச்சிருக்கியே!

வேல்விழி: அந்தத் தாளக் குடுங்க மாமா, அடுப்புல போட்டுருறேன்.

முனியராஜ்: மொதல்ல வாயத் தெறந்து உண்மையச் சொல்லுடி.

வேல்விழி: பிரஸ்ஸுக்குப் பின்னால ஒரு ஷெட்டு மாமா. சாயங்காலம் அங்கன பெட்டி கட்டுறோம். அட்ரஸ வேற எடத்துல ஒட்டுறாக. யாருக்குப் போகுதுன்னு சத்தியமாத் தெரியாது.

முனியராஜ்: அப்ப ஓவர்டைம்னு சொன்னது இதத்தானா? கட்டுன புருசனுக்கே நாமம் போட்டுட்டியே!

வேல்விழி: ஒரு பெட்டியிலயாவது போன் வைக்கச் சொல்லுவாகன்னு பாத்தேன்... ஒரு நாளும் சொல்லல.

முனியராஜ்: இப்ப ரோஜாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?

வேல்விழி: அரிசி டின்னுக்குள்ள கைய விடுங்க. அந்தக் கூலியில நெசமான போனே வாங்கிட்டேன். நீங்களே குடுத்ததாச் சொல்லிக்கோங்க. உங்க மூஞ்சி வாடுனதப் பாத்ததோட சரி, நாளையிலருந்து அந்த ஷெட்டுக்குப் போகமாட்டேன்.

முனியராஜ்: நாளைக்கே நின்னுராத புள்ள... எனக்கு இன்னும் ரெண்டு பெட்டி வர வேண்டியிருக்கு. அதுலயாவது ரெண்டு காதும் கேக்குறதாப் பாத்து வையி.