குத்துமதிப்பு

...ஊருல மூணு பேரக் கேட்டா ஜில்லாவோட செலவு தெரிஞ்சிடுமாண்ணே? கொஞ்சம் தள்ளிக்கங்க, சீட்டுக்கு அடியில பைய வச்சிக்கறேன்... ஆங். ஒரு ஏக்கரு நெல்லுக்கு என்னா செலவாவுதுன்னு கணக்கெடுக்க ஒரு சார் வந்தாரு, புவனகிரி பக்கம் எங்கூருக்கு. ஒருத்தரு ஒரம் என்னா வெலன்னு மவனுக்குப் போன் போட்டாரு. இன்னொருத்தன் வாய்க்கு வந்தத அடிச்சி வுட்டான். மூணாவது ஆளு நானு. இளவரசு. பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க.

அன்னிக்கின்னு பாத்து எம் மச்சான் வேற கடலூரு முதுநகருலேர்ந்து வந்திருந்தாரு, எம் பொண்டாட்டி வெண்மதியோட அண்ணன். அவரு முன்னாடி ஒரு பந்தா வாணாமா? ஒழவு, வெத, மருந்து, எதக் கேட்டாலும் 'நமக்கு செலவு ஜாஸ்தி ஆவாது சார்'ங்கறேன். 'கள எடுக்க, நாத்து பறிக்க வூட்டு ஆளு எத்தினி நாளு?'ன்னாரு. 'அதப் போயி எழுதுவாங்களா சார்? அவ வூட்டுல சும்மாதான இருக்கா'ன்னுட்டேன். எழுதிக்கிட்டாரு, சைபருன்னு!

மோரு எடுத்தாந்து பின்னாடியே நிக்கிறா வெண்மதி! சாருக்குக் குடுத்தா, அண்ணனுக்குக் குடுத்தா. எனக்கு இல்ல. மறுநாளு அண்ணன் கூடவே பஸ் ஏறிட்டா. 'அங்க போயி சும்மா இருக்கறேன்'னு.

அப்பறந்தான் செலவு தெரிஞ்சிது. கயனில களைக்கு நடுவுல நெல்லத் தேடணும். கூலிக்கு வரேன்னவுங்க வேற கயனிக்குப் போயிடறாங்க. மாடு என்னப் பாத்தா ஒதைக்கிது. மாட்டச் சொல்லி என்னா பண்றது?

போன் போட்டேன். 'அந்தக் கணக்கத் திருத்திட்டு வா, வரேன்'னா. ஓடனேன் கடலூருல அந்த சாரோட ஆபீஸுக்கு. நல்ல மனுஷன், சிரிச்சாரு. 'சொல்லுங்க இளவரசு, அவுங்க என்னென்ன வேல, எவ்ளோ நேரம்?' தெரியல! இத்தினி வருஷம் ஒண்ணா இருந்தும் அவ எப்ப எந்திரிக்கிறான்னு தெரியல. நான் கண்ண முழிச்சா டீ இருக்கும், அவ்ளோதான் தெரியும். அசிங்கமாப் போச்சி.

இப்ப அவகிட்டயே கேக்கத்தான் போறேன். வெறுங்கையோட போயி 'நீ என்னா வேல செய்யற'ன்னு கேட்டா வெளக்கமாறுதான் வரும். மச்சான் கதவத் தொறக்கறதே சந்தேகம். அவ வரலன்னா எனக்கு இந்த வருஷம் வெள்ளாமையும் இல்ல, வூடும் இல்லண்ணே... அதான், நாலு வூட்டுல எப்புடின்னு கேட்டு ஒரு மதிப்பு போட்டு வச்சிக்கறேன்.

நீங்க சொல்லுங்க, உங்க வூட்டுல அண்ணி எத்தினி மணிக்கு எந்திரிப்பாங்க?... ரொம்ப யோசிக்காதீங்க, குத்துமதிப்பா... என்னண்ணே, எழுந்துட்டீங்க? இது சிப்காட்டு ஸ்டாப்பு! கடலூருக்குல்ல டிக்கெட்டு எடுத்தீங்க? அண்ணே!...

அட, இவருக்கும் தெரியல.