நீளக் கட்டை வந்த நேரம்

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக் கூவினாள்: "அக்கா, எங்க ஊட்டுக்காரரை ஜெயிச்சுப்போட்டனுங்க!"

அவள் பக்கத்தில் இருந்த மூத்த பெண்மணி எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு இது, கட்டை கட்டையா உழுகுது?"

"டெட்ரிஸ்ங்கக்கா. உழுகுற கட்டையத் திருப்பிச் சந்தில்லாம அடுக்கோணும். ஒரு வரிசை நெறஞ்சா மறைஞ்சுரும். உச்சி வரைக்கும் ஏறிப்போச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது. ரஷ்யாவுல கம்ப்யூட்டர் வேலை பாத்த ஒருத்தரு செஞ்சதாமா. செஞ்சுபோட்டு, வேலையை உட்டுட்டு அவரே ஆடிட்டு இருந்தாராமா."

"உம்பட ஊட்டுக்காரராட்டம்."

"அவரு போர்க்கெணறு போடுற ரிக் வண்டில வடக்க போயி நாலு மாசமாச்சுங்க. சண்டை போட்டுட்டுப் போனவரு, பேச்சே இல்ல. தெனமும் அவரு எடுத்த பாயிண்ட்டை மட்டும் அனுப்புவாரு. நானும் எம்பட பாயிண்ட்டை அனுப்புவேன். இன்னைக்கு ஓரத்துல ஒரு சந்து உட்டு, நீளக் கட்டைக்குக் காத்திருந்தேன். வந்துச்சு பாருங்க, நாலு வரிசை ஒரே அடியாப் போச்சு! இப்பத்தான் அவருக்கு அனுப்புனேன்."

போன் அடித்தது. அவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆமாங்க... நானேதானுங்க ஆடுனேன்... பொய் சொல்லலீங்க..." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் மூத்தவர்.

"நேர்ல ஆடிக் காட்டுனாத்தான் நம்புவாராமா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஞாயித்துக்கெழமை வாரேன்னாருங்க."