கத்தி யார் கையில்

பூண்டுலோயா பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள்.

"ராஜாவ நான்தான் குத்துவேன்" என்றாள் ஒருத்தி. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அந்த இங்கிலீஷ் நாடகத்துல புருஷன்தான்டி குத்துறான். பொண்டாட்டி தூண்டி மட்டும்தான் விடுவா. உனக்கு ராணி வேஷம்னு சார் சொல்லிட்டாருல்ல?"

"கத்தி ஆம்பள வேலையாம். எங்க தோட்டத்துல ஆம்பளைங்க கொழும்புக்குப் போன பொறகு, கத்தி புடிச்சு தேயிலைய கவ்வாத்து வெட்டுறது யாரு? எங்கம்மாதானே! நாளைக்கு ஒத்திகையில கத்தி என் கையிலதான். சார்கிட்டயே சொல்லப்போறேன்."

"அப்ப ராணி யாரு?"

"சாரே நடிக்கட்டும். வாயால ஏவுற வேலதானே, அவருக்குப் பழக்கம்."

நானும் வாத்தியார்தான். என் இறங்குமிடம் வந்தபோது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.