எந்தத் தீவு

மயிலாப்பூர் குளத்தருகே ஒரு எஸ்.டி.டி. பூத், ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்குப் பின்னால் நின்ற பெண், வந்ததும் கடைக்காரரிடம் தணிந்த குரலில், "வெளிநாட்டுக்குக் கதைக்கோணும்" என்று சொல்லியிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மாமி தன் மகளிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"தீவு பிரிஞ்சுடுமாடீ? நாளைக்கு ஓட்டுப் போட்டுத் தனி நாடு வாங்கிண்டுடுவாளா?"

வரிசையில் நின்றவர்கள் கூண்டின் பக்கம் திரும்பினார்கள். வெளியே இருந்த மாமா கண்ணாடியைத் தட்டினார்.

"மெதுவா பேசேன்டி!"

"இன்னா சாமி, தனி நாடுன்னு கத்திக்கினு கீறாங்க? எதிர்ல போலீஸ் ஜீப் நிக்குது பாரு" என்றார் முன்னால் நின்ற ஆட்டோக்காரர்.

"ஐயையோ, அந்தத் தீவு இல்லைப்பா. இது வெஸ்ட் இண்டீஸ். நெவிஸ்னு ஒரு குட்டித் தீவு, பெரிய தீவோட ஒட்டிண்டு இருக்க மாட்டோம்கறா. எங்காத்து மாப்பிள்ளை அங்க டாக்டர்."

"அது உனக்குத் தெரியும் சாமி. ஜீப்புக்குத் தெரியுமா?"

மாமி வியர்த்துப்போய் வெளியே வந்தார். "ஏன்னா, கலவரம் கிலவரம் வந்தா கைக்கொழந்தையோட அவ எங்கன்னு ஓடுவா?"

மாமா ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பினார்.

"உங்களுக்கும் வெளிநாடாம்மா?"

"இல்லீங்க, அடையாறுக்குத்தான்" என்றார் அந்தப் பெண். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "சும்மா... பேசணும்."