மூன்றாம் ஜன்னலுக்கும் ஐந்தாம் ஜன்னலுக்கும் நடுவே

ரயில்காரர்கள் இருபத்திரண்டு நாள் தொடர்ந்து வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. அதே ஆண்டு மழையில் ஆறு பெருகித் தபால் நிலையத்தின் மூன்றாம் படி வரை தண்ணீர் ஏறியது. என் அக்காளைக் கட்டிக்கொள்ள வந்த மாப்பிள்ளை வீட்டார் ரயில் இல்லாமல் சிமெண்டு லாரியில் ஏறி வந்து, முகமெல்லாம் சாம்பல் பூத்து இறங்கியதும் அந்த ஆண்டுதான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அதை வைத்துப் பார்த்தால் இப்போது எழுபத்தொன்று. என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியபடி சரி. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, நாற்காலிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள், அதே கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறாள், அவளோடுதான் இருக்கிறேன். என் மேல் போலீசில் கொடுத்துள்ள புகாரில் முதல்வருக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது அவள்தான். நாளை தொடங்கும் கருத்தரங்குக்கு அவள் ஒருங்கிணைப்பாளர் என்பதால் அவள் போட்டதில் தப்பில்லை.

கருத்தரங்கக் கூடத்தில் இடப்பக்கத்து அறுபத்து நான்கு இருக்கைகளை நேற்றுக் கழற்றியது நான்தான். யாரும் கூட இல்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை. கழற்றிய காரணத்தை முதலில் இருந்து சொல்கிறேன்.

கல்லூரி இருக்கும் மனையில் முன்பு சாயப்பட்டறை இருந்தது. பட்டறைத் தரைக்கடியில் செங்கல் வைத்துக் கட்டிய தொட்டி, நீளம் முப்பதடி, அகலம் பதினைந்தடி, ஆழம் மூன்று ஆள் உயரம். நான் அப்போது மேஸ்திரியிடம் மண்வெட்டும் ஆள். தொட்டியை வற்ற இறைத்து, கல்லும் மணலும் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல்தான் கூடத்துக்குத் தரை போடவேண்டும் என்று ஏற்பாடு. நான்கு நாள் இறைத்தோம், என் கால் முழங்கால் வரை நீலமாகி இரண்டு மாதம் அப்படியே இருந்தது. அதன் பிறகு ரயில் நின்றுவிட்டது, மணல் வரவில்லை, ஜல்லி வரவில்லை. கூடத்தில் நடக்கவேண்டிய முதல் கருத்தரங்குக்கு அழைப்பிதழ் அச்சாகி வெளியூர்களுக்கெல்லாம் போய்விட்டது. அந்தக் காலத்துத் தாளாளர் தினமும் வந்து குடையை ஊன்றிக்கொண்டு, "என்ன ஓவர்சியரே, வர்றவங்களை ஆகாசத்துல உக்கார வைக்கப் போறீங்களா?" என்று கேட்பார். அதன் பிறகு ஓவர்சியர் ஒரு முடிவு செய்தார். தச்சரைக் கூட்டி வந்து வெறும் தொட்டிக்குள் இருபத்தாறு முட்டுக்கட்டைகள் நிறுத்தி, மேலே பலகை அடித்து, இருந்த கொஞ்சம் சிமெண்டில் நான்கு விரல் கனத்துக்குத் தரை போடச் சொன்னார். உள்ளே இறங்க ஒரு சதுர வழி மட்டும் விடப்பட்டது. தச்சர் மேலே ஏறி வந்து கையை உதறிக்கொண்டு, "ஐயா, இது தரை இல்ல, மூடி. சட்டி மேல வைக்கிற மூடி" என்றார். ஓவர்சியர், "ஆறு மாசம் தாங்குனா போதும்ப்பா. விழா முடியட்டும், திறந்து நிரப்பிடலாம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

விழா நடந்த காலையில் ஓவர்சியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இங்கயே வேலைக்குச் சொல்லிட்டேன், நாற்காலி போடுறது உன் பொறுப்பு. இந்த மூணாவது ஜன்னலுக்கும் அஞ்சாவது ஜன்னலுக்கும் நடுவுல மட்டும் ஆளை உக்கார வைக்காத. ஏன்னு கேட்டா எதையாவது சொல்லு" என்றார். அன்று அந்த இடத்தில் படம் மாட்டும் தட்டிகளை நிறுத்திவைத்தேன். ஆறு மாதம் ஆனது. அடுத்த விழாவுக்குத் தரை பளபளப்பாக வேண்டும் என்று சதுர வழியையும் சேர்த்து ஓடு பதித்துவிட்டார்கள். ஓவர்சியர் மாற்றலாகிப் போய், பிற்பாடு பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டார்.

அதன் பிறகு நாற்பத்தேழு வருடம் அந்தக் கூடத்தில் நாற்காலி போட்டவன் நான். ஒன்பது முதல்வர்கள் வந்தார்கள், ஒன்பது பேருக்கும் ஒன்பது பொய் சொன்னேன். அங்கே வெயில் அடித்துக் கண் கூசும் என்று ஒருவரிடம், ஒலிபெருக்கி அங்கே இரையும் என்று ஒருவரிடம், காற்றோட்டத்துக்கு வழி வேண்டும் என்று ஒருவரிடம். ஒரு பேராசிரியர், "உம்ம கண்ணுல ஏதோ கோளாறுய்யா, கூடம் ஒரு பக்கம் பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்பார். சிரித்துக்கொள்வேன். அந்த வேலையால் என் மகளுக்குச் சம்பளம் கட்டாமல் படிப்புக் கிடைத்தது. இதையும் எழுதிக்கொள்ளவும்.

இந்த வருடம் மழைக்குப் பிறகு மூன்று விஷயங்கள் கண்டேன். தரை கழுவும் தண்ணீர் எப்போதும் வாசல் பக்கம் ஓடும், இப்போது நான்காவது ஜன்னல் பக்கம் ஓடி அங்கே தேங்குகிறது. துடைப்பக் கட்டையால் தட்டினால் முன்பு கனமாகக் கேட்கும் சத்தம் இப்போது பானையைத் தட்டுவது போல் கேட்கிறது. மூன்றாவது, கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் தரைக்கடியில் இருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வருகிறது, கொஞ்சம் நிற்கும், திரும்ப வரும். மற்றவர்கள் குளிர்சாதனப் பெட்டி என்றார்கள். பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன், அப்போதும் வந்தது. தொட்டியில் மழைத்தண்ணீர் ஏறியிருக்கிறது. முட்டுக்கட்டைகள் இற்று விழுந்து, மிதந்து, சுவரில் போய் இடிக்கின்றன. எத்தனை கட்டை இன்னும் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு மாலை என் மகள் ஒரு தாளை எடுத்துவந்து, "அப்பா, இந்தப் பருவத்து நிகழ்ச்சி எல்லாம் படிக்கிறேன், ஞாபகம் வச்சுக்குங்க. உங்களைவிட நல்ல நாட்காட்டி எங்க ஆபீஸ்ல இல்ல" என்று சொல்லி வாசித்தாள். நாளை வெள்ளியும் சனியும் கருத்தரங்கு. அடுத்த வாரம் ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சிப் பட்டறை, மூன்று நாள். அதன் பிறகு கணினிப் பட்டறை, இரண்டு நாள். அதன் பிறகு பள்ளி ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி, ஐந்து நாள். மாதக் கடைசியில் வேலைவாய்ப்பு முகாம், அன்று நிற்கவும் இடம் இருக்காது என்றாள். எந்த நாளில் எத்தனை நாற்காலி, தட்டிகளை எங்கே நிறுத்துவது என்று நான் மனதுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது அவள், "இனிமே நீங்க ஒண்ணும் தூக்க வேணாம்ப்பா. மெத்தை வச்ச இருக்கை வருது, வரிசையாத் தரையிலயே பூட்டிடறாங்க. உங்க முதுகு பொழைச்சுது" என்றாள்.

அதன் பிறகு பொருத்துகிறவர்கள் வந்தார்கள். தொட்டியின் மேல் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை வந்தது. சுவரோரத்து இருக்கைக்கு ஓட்டை போடும்போது டிரில் நான்கு விரல் போனதும் கைப்பிடி வரை உள்ளே விழுந்தது. பொருத்துகிறவர் என்னைப் பார்த்து, "தாத்தா, உங்க காலேஜுக்குக் கீழ இன்னொரு காலேஜ் நடக்குதா?" என்று சிரித்துவிட்டு, அந்த ஓட்டையைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்துப் பக்கத்தில் வேறு ஓட்டை போட்டார்.

அதன் பிறகு, போன சனிக்கிழமை, முதல்வர் அறைக்குப் போய்த் தொட்டியைப் பற்றி முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பழைய வரைபடத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். அதில் தொட்டி நிரப்பப்பட்டது என்று எழுதி ஓவர்சியர் கையெழுத்து இருக்கிறதாம். "பெரியவரே, கட்டட உறுதிச் சான்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கு. பதினேழு கல்லூரியிலேருந்து வர்றாங்க, அழைப்பு போயாச்சு. ஆறு நாள் முன்னாடி வந்து கீழ பாதாளம்னா நான் என்ன செய்யட்டும்?" என்றார். அந்தக் காகிதத்தை எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொன்னேன். வீட்டில் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாப்பத்தேழு வருசமா வாயைத் திறக்கலை. என் நிகழ்ச்சி வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சா? என் மானத்தை வாங்கணும்னே இருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர்கிட்ட போலாம்ப்பா, வயசானா இப்படி வருமாம்" என்றாள். குரல் தணிந்திருந்தது. அந்த எட்டு வரிசையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். கட்டுரை வாசிக்க வரும் பிள்ளைகள் என்றாள். அவர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அனுப்ப முதல் வரிசை ஓரத்தில் அவளே இருக்கப்போவதாகவும் சொன்னாள்.

நேற்றுப் புதன்கிழமை. புதன் அல்ல, வியாழன் என்று இதை எழுதும் எழுத்தர் ஐயா திருத்துகிறார், இல்லை, நேற்றுப் புதன்தான், இன்றுதான் வியாழன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஸ்பேனரோடு போய்க் கழற்றத் தொடங்கினேன். மூன்று பேர் பார்த்தார்கள். நாற்காலிக்காரர் நாற்காலி வேலை பார்க்கிறார் என்று போய்விட்டார்கள். இருக்கைகளைப் பின்வாசல் வழியாக இழுத்துச் சைக்கிள் கொட்டகையில் அடுக்கினேன், ஒன்றும் உடையவில்லை. நட்டுகள் எங்கே என்று காவல் ஆய்வாளர் ஐயா கேட்டார். அடைத்திருந்த ஓட்டையைச் சுரண்டித் திறந்து, நூற்றிருபத்தெட்டு நட்டுகளையும் ஒவ்வொன்றாக அதற்குள் போட்டேன். ஒவ்வொன்றும் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

நான்கு மணிக்கு மகள் வந்தாள். முழங்காலிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்னப்பா இது?" என்றாள். "காதை வையி அம்மாடி, ஒண்ணு போடறேன், கேளு" என்றேன். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் காதை வைத்தாள். நான் போட்டேன். அதே நேரம் மேடையில் ஒலிபெருக்கிக்காரர், "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அலறினார். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்திருக்காமல், "அவரை நிறுத்தச் சொல்றேன், இன்னொண்ணு போடுங்க" என்றாள். அதுதான் கடைசி நட்டு. வேறு ஏதாவது கிடைக்குமா என்று பையில் தேடுவதற்குள் முதல்வரும் காவலாளிகளும் வந்துவிட்டார்கள். அவள் என் வேட்டியில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூளைத் தட்டிவிட்டாள். அதன் பிறகு புகாரில் கையெழுத்துப் போட்டாள். இன்று காலை நிலையத்துக்கு வந்து என் ரத்த அழுத்த மாத்திரையைக் காவலர் அம்மாவிடம் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது புது நட்டு வாங்கிவந்து இருக்கைகளைத் திரும்பவும் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எட்டாவது வரிசையில் சுவரோரத்து இருக்கைக் காலுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டை இருக்கிறது. ஒரு ஆளை அனுப்பி, நூலில் சின்னக் கல் கட்டி இறக்கிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருபதடி நூல் போதும். கூடத்தில் ஒரே ஒரு ஆள் போனால் போதும், கும்பலாகப் போகவேண்டாம்.

மேலே உள்ளதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். ரேகை வைக்கும் முன் ஆய்வாளர் ஐயா, "பெரியவரே, இதுக்கெல்லாம் சாட்சி சொல்ல யாராவது மிச்சம் இருக்காங்களா?" என்று கேட்டார். தாளாளர் இறந்து முப்பது வருடம். மேஸ்திரி அதற்கு முன்பே. தச்சர் போன வருடம். இதுவரை நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, ஓவர்சியர் கொடுத்த வேலையில் வயிறு வளர்த்தவன் என்பதால் விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ இன்னும் உயிரோட இருக்கியா?" என்றார். தண்ணீர் ஏறியதையும் கட்டைகள் இடிப்பதையும் சொன்னேன். எந்த ஜன்னல் என்று அவர் கேட்கவில்லை. "நான் பாத்துக்கறேன், யார்கிட்டயும் பேசாத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை மாலை என் மகள், சிறப்பு விருந்தினர் நேரில் வருவதாக இருந்தது மாறிவிட்டது, முழங்கால் வலியாம், அதனால் கூடத்தில் பெரிய திரை வைக்கவேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி அந்த ஓவர்சியர். நாளைக் காலை பத்து மணிக்கு, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி, திரையில் வந்து கருத்தரங்கைத் தொடங்கி வைக்கப்போகிறவர் அவர்தான்.