ஒட்டுப்போட்ட தகட்டின் மேல் ஒரு பெயர்

மேடையில் வீற்றிருக்கும் மாதிரிக் கப்பல் கலைஞர் சங்கத் தலைவரான பல் மருத்துவர் அவர்களே, கண்காட்சிக் குழுவின் பெரியோர்களே, அக்காவின் மகளே, மருமகனே, அக்கா தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் தெருக்காரர்களே, மலர்வளையத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கப்பல் நிறுவன அதிகாரி அவர்களே, எல்லோருக்கும் இந்த அச்சுக்காரனின் வணக்கம்.

நம் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர், சின்னஞ்சிறு கப்பல்களின் பெருஞ்சிற்பி, தையல்கடை அக்கா போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். உட்கார மாட்டேன். அக்காவே சாந்தமாக இருந்தவரில்லை, அவர் ஆத்மா மட்டும் எப்படி இருக்கும்?

மேசைமேல் இருக்கும் இந்தப் பயணிகள் கப்பலைப் பாருங்கள். இதன் அசலில், இயந்திர அறையில், அக்காவின் தம்பி வேலை பார்த்தார். கப்பல் மூழ்கியபோது அவர் மேலே ஏறி வரவே இல்லை. புயல் என்றது கப்பல் நிறுவனம். பழுதான தகட்டின்மேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள், அது பிளந்தது என்றார்கள் உயிர் தப்பி வந்தவர்கள். யார் சொல் நின்றது? நிறுவனத்தின் சொல்தான் நின்றது.

அக்கா கப்பலைக் கட்ட உட்கார்ந்தார். நசுங்கிய தகடு நசுங்கியபடி, ஆணிக்குமிழ்கள் வரிசை வரிசையாக, இரு பக்கமும் போட்டிருந்த ஒட்டு அதே இடத்தில். அதன்மேல்தான் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். அசலில் அங்கேதான் இருந்தது.

பெயரை அச்சடித்துக் கொடுத்தவன் நான். டெக்கால் என்போம், தண்ணீரில் நனைத்தால் தாளைவிட்டு நழுவி வரும் மெல்லிய படலம். சமமான இடத்தில் ஒட்டுவதற்கு யாரும் சங்கம் வைக்கத் தேவையில்லை. மேடுபள்ளத்தில் ஒட்டினால் படலம் ஆணிக்குமிழ்களின்மேல் கூடாரம் போட்டு நிற்கும். அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாக மின்னி மானத்தை வாங்கும்.

"அக்கா, அந்த ஒட்டை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுங்களேன், எழுத்து அழகா உட்காரும்" என்றேன்.

"அந்த ஒட்டுதான்யா என் தம்பியைக் கொன்னுச்சு. அதையே தேய்ச்சுட்டா அப்புறம் நான் எந்தக் கப்பலைச் செஞ்சேன்?"

பெயரை அச்சடித்துக் கொடுத்தேன்.

கப்பலின் இடப்பக்கத்துப் பெயரை அவர் ஒட்டியபோது நாங்கள் சுற்றி நின்றோம். முதலில் பூசிய பளபளப்பு வார்னிஷ் காய்ந்திருந்தது. பெயரை நழுவவிட்டு, பஞ்சுக்குச்சியால் தண்ணீரை ஒற்றி எடுத்தார். படலத்தை இளக்கும் திரவத்தைத் தூரிகையால் தடவினார். அவ்வளவுதான், நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனி போல எழுத்தெல்லாம் சுருங்கிவிட்டது. இங்கேதான் எல்லோரும் பதறுவோம். தலைவரும் பதறினார். கட்டைவிரலை வைத்து நீவிவிட்டார். முதல் எழுத்து அவர் விரலோடு வந்துவிட்டது.

"பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி, டாக்டருக்குக் கை சும்மாவே இருக்க மாட்டேங்குது" என்றார் அக்கா. தலைவர் இப்போதும் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

மறுபடி அச்சடித்தேன். இந்த முறை அக்கா யாரையும் கிட்டே விடவில்லை. "சுருங்கும்போது தொடாதீங்க. கெட்டுப்போகலை, இளகுது. விட்டா தானா இறங்கும்" என்றார். இறங்கியது. குமிழ்களில் படிந்தது, நசுங்கலில் வளைந்தது. ஒட்டின் விளிம்பில் மட்டும் முரண்டு பிடித்தது. அங்கே பிளேடு நுனியால் மெல்லக் கீறி, மறுபடி திரவம் விட்டார். இப்போது அருகே வந்து பாருங்கள், ஒட்டியது போலவா தெரிகிறது? தகட்டிலேயே எழுதியதுபோல் இருக்கிறது.

அதன் பிறகுதான் அதிகாரி அவர்கள் தையல்கடைக்கு வந்தார்கள். கண்காட்சிக்கு அரங்கம் கொடுப்பது அவர்கள் நிறுவனம். நானும் அங்கே இருந்தேன்.

"கப்பல் ரொம்ப அழகா இருக்கும்மா. பேரை மட்டும் எடுத்துடுங்க."

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "பேர் இல்லாத கப்பல்ல என் தம்பி வேலைக்குப் போகலை சார்."

அதிகாரி அவர்களே, இதில் ஒரு சொல்லாவது நான் கூட்டிச் சொல்கிறேனா?

வலப்பக்கத்துப் பெயரை ஒட்டுவதற்குள் அக்கா போய்விட்டார். கண்காட்சிக் குழு இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பெயருள்ள பக்கத்தைச் சுவரோடு வைத்து, வெறும் பக்கத்தைப் பார்வையாளருக்குக் காட்டலாமாம். அக்காவுக்கும் மரியாதை, நிறுவனத்துக்கும் சங்கடம் இல்லை. எவ்வளவு நயமான யோசனை. உயிரோடு இருந்தவரை அவர் வாயை அடைக்க முடியவில்லை. செத்த பிறகு அவர் கப்பலைத் திருப்பி வைப்பீர்களா? வைக்க விடமாட்டோம். அரங்கம் கிடைக்காவிட்டால் போகட்டும். தையல்கடையின் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அக்காவின் மகள் சம்மதித்துவிட்டார். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி வைப்போம். தெருவே பார்க்கட்டும்.

அக்கா, வலப்பக்கத்துக்கான பெயர் இதோ. அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

அடுத்தது மௌன அஞ்சலி. யாரும் எழுந்து நிற்க வேண்டாம், கால் வலிக்கும். வலப்பக்கத்துப் பெயரை அக்காவின் மகள் இப்போது, இந்த மேசையிலேயே ஒட்டப்போகிறார். அது தகட்டில் முழுதாக இறங்கும்வரை நாம் மௌனமாக இருப்போம்.

அதிகாரி அவர்களே, மலர்வளையத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நீங்களும் கிட்டே வாருங்கள். நன்றாகப் பார்க்கலாம். தொடத்தான் கூடாது.