படலையில் கட்டிய வேப்பிலை

மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், ஆஸ்பத்திரிக்குச் சுடுதண்ணிப் போத்தல் கொண்டுபோகும் ஓர் இளந்தகப்பன் எனக்கு முன்னால் இருந்தான். பக்கத்தில் அவனுடைய ஊர்க்கார அக்கா ஒருவர்.

“கொப்பளிப்பான் தாய்க்குத்தானே. பிள்ளைக்கு ஏன்ரா ஊசி?” என்று அவர் கேட்டதும் நான் காது கொடுத்தேன்.

“நானும் அதைத்தானக்கா கேட்டனான். பிள்ளை பிறந்து அடுத்த நாள்தானே மனிசிக்கு முதல் கொப்புளம் வந்தது. நல்லா முந்தி வந்திருந்தால் தாயின்ர எதிர்ப்புச் சக்தி வயித்துக்குள்ளயே பிள்ளைக்குப் போயிருக்குமாம். இப்ப கிருமி மட்டும்தான் போயிருக்குமாம். அந்தச் சக்தியைத்தான் ஊசியிலை குடுக்கினம்.”

“பிள்ளையிலை கொப்புளம் ஏதும் போட்டிருக்கே?”

“ஒண்டுமில்லை. கொப்புளம் போட முந்தியே ஊசி குடுக்கவேணுமாம். பிந்தினால் பிள்ளை தாங்காதாம்.”

“ஊசி போடக் கொம்மா விட்டவவே?”

“எங்க? அம்மாள் வந்த வீட்டுக்கு ஆரும் வரக்கூடாதெண்டு வாசல் படலையிலை வேப்பிலையைக் கட்டிப்போட்டா. பிள்ளையைப் பாக்க வந்த மிட்வைப் மிஸ் அதைக் கண்டிட்டு...”

“திரும்பிப் போட்டாவோ?”

“திரும்புறதோ? பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை வேப்பிலையோ எண்டு ஸ்கூட்டரை ஒழுங்கையிலயே விட்டிட்டு உள்ளுக்கு ஓடி வந்தா. அண்டைக்கே தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டாச்சு. இனி நாலு கிழமை கவனமாப் பாக்கவேணுமாம்.”

பஸ் பாலத்தில் ஏறியது.

“அப்ப வேப்பிலையைக் கழட்டியாச்சோ?”

“இல்லையக்கா. அம்மா புதுசா ஒரு கொத்துக் கட்டியிருக்கிறா. தான் கட்டினபடியால்தான் மிஸ் உள்ளுக்கு வந்தவவாம்.”